பாட்டிக்கு 0.3

ஆறு நிமிஷத்தில் உங்களால் என்ன செய்ய முடியும்?

ஒரு டம்ளர் டீயை ஆற்றிக் குடிக்கலாம். இரண்டு முட்டை வேகவைக்கலாம். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் 'விழுப்புரம், விழுப்புரம்' என்று கூவுகிற பஸ்ஸில் ஏறி ஜன்னலோரமாக ஒரு சீட் பிடிக்கலாம். பெரிசாக வேறொன்றும் முடியாது. நாம் எல்லோருமே தினம் பத்து, இருபது ஆறு நிமிஷங்களை எங்கே போட்டோம் என்று தெரியாமல் தொலைக்கிற ஆசாமிகள்தான். அதற்காக யாரும் நம்மைக் கேள்வி கேட்பதில்லை.

ஆனால் ஒரு உத்தியோகம் இருக்கிறது. அதில் ஆறு நிமிஷத்துக்கு விலை உண்டு. ஒரு மணி நேரத்தைப் பத்துத் துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் 0.1 என்று பேர் வைத்திருக்கிறார்கள். அந்தத் துண்டை எந்தக் கட்சிக்காரருக்காகச் செலவழித்தாய், என்ன வேலைக்காகச் செலவழித்தாய் என்று தினமும் எழுதிக் கொடுத்தாக வேண்டும். பன்னிரண்டு நிமிஷம் போனில் பேசினால் 0.2. அரை மணி பத்திரம் படித்தால் 0.5. இதற்கு 'டைம்ஷீட்' என்று பெயர்.

ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனி சமாசாரம் என்று நினைத்துவிடாதீர்கள். இது வக்கீல் வேலை!

வக்கீல் என்றதும் உங்களுக்குக் கறுப்புக் கோட்டும், சாட்சிக் கூண்டும், மேஜையைத் தட்டி 'யுவர் ஆனர்' என்று முழங்குகிற சினிமா ஹீரோவும் ஞாபகத்துக்கு வருவார்கள். நான் சொல்கிற வக்கீல்கள் கோர்ட் வாசலை மிதிப்பதே அபூர்வம். மும்பை, டெல்லி, பெங்களூரு, சென்னை என்று கண்ணாடிக் கட்டடங்களில் உட்கார்ந்திருப்பவர்கள். ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியை வாங்கும்போது, வங்கிகள் சேர்ந்து ஆயிரம் கோடி கடன் கொடுக்கும்போது, புதுசாகப் பங்கு வெளியிடும்போது அந்த நூற்றுக்கணக்கான பக்கங்களை வரி வரியாக எழுதுகிறவர்கள், சரி பார்க்கிறவர்கள். இந்தத் தொழில் புதுசில்லை. மும்பையின் 'கிராஃபோர்டு பெய்லி' 1830-ல் ஆரம்பித்தது. ஆனால் இது பெரும் படையாகப் பெருத்தது 1991-ன் தாராளமயத்துக்குப் பிறகுதான். 2013-ன் கம்பெனிச் சட்டமும் 2016-ன் திவால் சட்டமும் இன்னும் வேலையைக் கூட்டின. இன்றைக்கு முதல் வரிசை நிறுவனங்களில் கல்லூரியிலிருந்து நேராக வந்து சேருகிற பிள்ளைக்கே வருஷத்துக்குப் பதினைந்து லட்சத்துக்கு மேல் சம்பளம்.

எங்கோ மும்பையில் நடப்பதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? அந்தப் படையில் எங்கள் வீட்டுப் பெண் ஒருத்தி இருந்தாள்.

*

என் பெரியப்பா மகனின் பெண். திண்டிவனத்தில் பிறந்து, அங்கேயே பன்னிரண்டாவது வரைக்கும் படித்தவள். என்னைச் 'சித்தப்பா' என்று கூப்பிடுவாள். அவள் அப்பா, அதாவது என் அண்ணன், கூட்டுறவு வங்கியில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் குடும்பத்தில் யாரும் வக்கீல் கிடையாது. கோர்ட்டுக்குப் போனால் குடி கெடும் என்று நம்பிய பரம்பரை.

2008-லிருந்து தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்குப் பொது நுழைவுத்தேர்வு வந்துவிட்டது. பெங்களூருவின் 'நேஷனல் லா ஸ்கூல்' பாணியில் நாடு முழுக்க இருபதுக்கு மேற்பட்ட பல்கலைக்கழகங்கள். நம் திருச்சியிலும் ஒன்று உண்டு. இவள் எழுதினாள், கிடைத்தது, போனாள். ஐந்து வருஷப் படிப்பு. ஃபீஸும் ஹாஸ்டலுமாகப் பதினோரு லட்ச ரூபாய் கல்விக்கடன். கடைசி வருஷத்திலேயே மும்பையில் ஒரு பெரிய நிறுவனம் அவளைப் பொறுக்கி எடுத்தது. பிடித்தம் எல்லாம் போகக் கைக்கு மாசம் 1,25,000 ரூபாய். அண்ணன் அந்தக் கடிதத்தை மயிலம் முருகன் கோயிலில் வைத்துக் கும்பிட்டு எடுத்து வந்தார்.

முதல் வருஷம் எல்லாம் நன்றாகத்தான் போனது. காலையில் பத்து மணிக்கு ஆபீஸ் போவாளாம். சீக்கிரமென்றால் ராத்திரி பத்துக்கு வீடு. 'டீல்' முடிகிற வாரமென்றால் விடியற்காலை மூன்று மணி. வீட்டுக்குப் போன் செய்வது குறைந்து, வாட்ஸ்அப்பில் கட்டை விரல் படம் மட்டும் வந்தது. அண்ணிக்கு அது போதவில்லை. "கட்டை விரல வச்சி நான் என்னடா பண்றது?" என்று என்னிடம் கேட்டார்.

பிறகு 2024-ன் ஃபெஞ்சல் புயல் வந்தது.

உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நவம்பர் 30 ராத்திரி கரை கடந்த புயல், நகராமல் எங்கள் மாவட்டத்தின் தலைமேலேயே உட்கார்ந்துகொண்டது. டிசம்பர் 1 காலை வரைக்குமான 24 மணி நேரத்தில் மயிலத்தில் மட்டும் 51 சென்டிமீட்டர் மழை. மறுநாள் விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்களை நிறுத்திவிட்டார்கள். அண்ணன் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். எண்பது தாண்டிய பெரியம்மாவைக் கட்டிலோடு தூக்கி மேஜைமேல் வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ராத்திரி முழுக்க நின்றிருக்கிறார்.

அந்தச் சனி, ஞாயிறுதான் மும்பையில் இவளுக்கு ஒரு பெரிய ஒப்பந்தம் கையெழுத்தாகிற நேரம். ஊரில் டவர் அவ்வப்போதுதான் உயிர் பெற்றது. உயிர் பெற்றபோதெல்லாம் அண்ணி கூப்பிட்டார். அவள் மீட்டிங்கில் இருந்தாள். ஞாயிறு ராத்திரி ஒன்றரை மணிக்கு அவள் திருப்பிக் கூப்பிட்டபோது டவர் போய்விட்டிருந்தது. திங்கட்கிழமை காலை ஊருக்குப் போக லீவு கேட்டிருக்கிறாள். மேலதிகாரி பதற்றமே இல்லாமல் சொன்னாராம்: "எப்படியும் ரயில் ஓடலையே... இங்கேயே இருந்து வேலை பார்க்கலாமே."

அவர் கெட்டவர் இல்லை, சித்தப்பா என்றாள் இவள் பிற்பாடு. அவருடைய அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது அவரும் வராந்தாவில் உட்கார்ந்து லேப்டாப்பில் வேலை பார்த்தவராம்.

*

தனி மனிதர்கள் கெட்டவர்கள் இல்லையென்றால் கோளாறு எங்கே இருக்கிறது? நான் பி.காம் படித்தவன். எதையும் கணக்குப் புத்தகத்தைப் பிரித்துத்தான் பார்க்கத் தெரியும். பிரித்துப் பார்ப்போம்.

இந்த டைம்ஷீட்டைப் பெரிய அளவில் கொண்டுவந்தவர் என்று ஒரு அமெரிக்க வக்கீலைச் சொல்கிறார்கள். ரெஜினால்ட் ஹீபர் ஸ்மித் என்று பெயர். வேடிக்கை என்னவென்றால், பாஸ்டன் நகரில் ஏழைகளுக்கு இலவசச் சட்ட உதவி செய்கிற சங்கத்தை நடத்தியவர் அவர். ஏழைக்கு நீதி எட்டாக்கனியாக இருப்பதைப் பற்றி 1919-ல் புத்தகமே எழுதினார். அதே 1919-ல் ஒரு வக்கீல் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கேதான், எந்த வழக்குக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று எழுதிவைக்கும் பழக்கத்தை வேரூன்ற வைத்தார். உள் நிர்வாகத்துக்கான கருவி, அவ்வளவுதான். கட்சிக்காரருக்குப் பில் போட அல்ல.

1958-ல் அமெரிக்க வக்கீல் சங்கம் ஒரு சிறு நூல் வெளியிட்டது. பல் டாக்டர்களைவிட வக்கீல்கள் குறைவாகச் சம்பாதிக்கிறார்களே என்ற ஆதங்கம்! நேரத்தைக் குறித்து வையுங்கள், வருஷத்துக்கு 1,300 மணி நேரம் பில் போடலாம் என்று ஆலோசனை சொன்னது. 1975-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், வக்கீல்கள் கூடிக் குறைந்தபட்சக் கட்டணம் நிர்ணயிப்பது செல்லாது என்றது. அதோடு மணிக்கணக்கே ராஜாவாகிவிட்டது. 1,300 என்பது ஏறி ஏறி, இன்றைக்கு அங்கே பல பெரிய நிறுவனங்களில் 1,900, 2,000 மணி நேரம் என்று இலக்கு வைக்கிறார்கள். இது ஆபீசில் இருந்த நேரம் இல்லை. பில்லில் ஏறுகிற நேரம் மட்டும். சாப்பாடு, டீ, புதுச் சட்டம் படிப்பது, ஜூனியருக்குச் சொல்லிக் கொடுப்பது எதுவும் இதில் வராது. பில்லில் எட்டு மணி நேரம் காட்ட வேண்டுமென்றால் பத்து, பதினோரு மணி நேரமாவது அங்கே இருந்தாக வேண்டும்.

அந்த நாட்டில் பழைய வாய்பாடு ஒன்று உண்டு. ஜூனியர் சம்பாதித்துக் கொடுக்கிற பணத்தை மூன்றாகப் பிரி. ஒரு பங்கு அவனுக்குச் சம்பளம், ஒரு பங்கு வாடகை, கரண்ட் வகையறா, மூன்றாவது பங்கு முதலாளிகளான பார்ட்னர்களுக்கு லாபம். நம் ஊரில் கட்சிக்காரர்கள் உஷார். பல இடங்களில் 'மொத்தமாக இவ்வளவுதான் தருவேன்' என்று பேசிவிடுகிறார்கள். ஆனாலும் டைம்ஷீட் போகவில்லை. யார் எவ்வளவு உழைத்தார், யாருக்கு போனஸ், யார் அடுத்த பார்ட்னர் என்று முடிவு பண்ண அது வேண்டியிருக்கிறது.

இப்போது புரிகிறதா? அரிசி மண்டியில் அரிசி சரக்கு. ஜவுளிக் கடையில் துணி சரக்கு. இங்கே நேரம்தான் சரக்கு. மண்டிக்காரர் ஒரு மூட்டை அரிசியை விற்காமல் வீட்டுக்கு எடுத்துப் போனால் கணக்கில் துண்டு விழும். இந்தப் பெண் ஒரு மணி நேரத்தை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாலும் அப்படித்தான். அதை யாரும் ஓய்வு என்று பார்க்க மாட்டார்கள். சரக்குக் குறைகிறது என்றுதான் பார்ப்பார்கள்.

*

2025 பொங்கலுக்கு மூன்று நாள் லீவில் அவள் வந்தாள். நானும் போயிருந்தேன்.

வீட்டில் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கிற இடம் கூடத்து ஜன்னல்தான். ஜன்னலுக்குக் கீழே அரிசி டிரம். அதன்மேல் லேப்டாப்பை வைத்து நின்றபடியே வேலை பார்த்தாள். வாசலில் பொங்கல் பானை பொங்கி எல்லோரும் 'பொங்கலோ பொங்கல்' என்று கத்தியபோது, காதில் ஹெட்போனோடு வந்து கையை மட்டும் தட்டிவிட்டுப் போனாள்.

சாயங்காலம் பெரியம்மா அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, புயல் ராத்திரியின் கதையைச் சொன்னார். மேஜைமேல் கட்டில், கட்டில்மேல் தான், தனக்குமேல் பல்லி ஒன்று என்று விஸ்தாரமாக! இவள் சிரித்துக்கொண்டே கேட்டாள். பிறகு மொட்டை மாடிக்கு வந்தவள், என்னிடம் சொன்னாள்.

"சித்தப்பா, பாட்டி பேசி முடிச்சதும் என் மனசுக்குள்ள தானா '0.3'ன்னு ஓடுது. யார் கணக்குல எழுதறதுன்னு ஒரு செகண்ட் யோசிக்கறேன். எனக்கே பயமா இருக்கு."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சமாதானம் சொல்ல ஏதாவது வார்த்தை கிடைத்திருக்கும்.

கீழே அண்ணன் பேப்பரோடு உட்கார்ந்திருந்தார். 70 மணி நேரம், 90 மணி நேரம் பேச்சு சூடாக ஓடிக்கொண்டிருந்த சமயம். இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி சொல்லியிருந்தார். 2025 பொங்கலுக்கு நாலைந்து நாள் முன்னால்தான் எல் அண்ட் டி தலைவர் சுப்ரமணியன், ஞாயிற்றுக்கிழமையும் உங்களை வேலை வாங்க முடியவில்லையே என்று வருந்தி, 90 மணி நேரம் பற்றிப் பேசிய வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. வீட்டில் உட்கார்ந்து மனைவியை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்றும் கேட்டிருந்தார்.

அண்ணன் கட்சி வேறு. "மாசம் ஒண்ணேகால் லட்சம் குடுக்கறவன், ஆறு மணி ஆயிடுச்சு, வீட்டுக்குப் போம்மான்னா சொல்லுவான்? அஞ்சு வருஷம் பல்லைக் கடிச்சிக்கினா செட்டிலாயிடுவா" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. கடன் பத்திரத்தில் ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் அவர். பரம்பரை வக்கீல் வீட்டுப் பையனுக்கு 'விட்டுட்டு வந்துடு' என்று சொல்வது சுலபம். அப்பாவின் ஆபீஸில் நாற்காலி காத்திருக்கும். முதல் தலைமுறைப் பெண்ணுக்கு அந்த வாக்கியத்தின் விலை அதிகம்.

*

இதற்கெல்லாம் சட்டம் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். சட்டம் எழுதுகிறவர்களுக்கே சட்டம் இல்லாத கதை இது.

இந்தியாவிலேயே முதல் மே தினம் 1923 மே 1 அன்று சென்னையில் கொண்டாடப்பட்டது. கொண்டாடியவர் சிங்காரவேலர். அவர் ஒரு வக்கீல்! அன்றைக்கு நடந்த இரண்டு கூட்டங்களில் ஒன்று, உயர் நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த கடற்கரையில். எட்டு மணி நேர வேலை என்பதுதான் மே தினத்தின் மூலக் கோரிக்கை. சரியாக நூறு வருஷம் கழித்து, 2023 ஏப்ரலில், தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் திருத்தம் தமிழகச் சட்டசபையில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பியதும், மே 1 அன்று அது வாபஸ் பெறப்படுவதாக முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். அதாவது, தொழிலாளி விஷயத்தில் எட்டு மணி நேரத்தின் மேல் கை வைத்தால் நாடு இன்னும் கொஞ்சம் சிலிர்த்துக்கொள்கிறது.

கடைச் சிப்பந்திகளுக்கும் 1947-ன் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் இருக்கிறது. நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. விழுப்புரம் நேருஜி ரோட்டில் புடவை எடுத்துப் போடுகிற பெண்ணுக்குக் காகிதத்திலாவது ஒரு வரம்பு உண்டு. வக்கீல் ஆபீசுக்கு? கேரளத்தில் ஒரு வக்கீல் நிறுவனத்தில் வேலை பார்த்த ஊழியர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கேரளத்தின் கடைகள் சட்டப்படி வக்கீல் அலுவலகம் ஒரு வணிக நிறுவனம் ஆகாது என்று 1984-ல் தீர்ப்பு வந்தது. வக்கீல் தொழில் வியாபாரமில்லை, அது ஓர் உயர்ந்த கடமை என்ற எண்ணத்தின் மேல் கட்டிய தீர்ப்பு. நல்ல எண்ணம்தான். ஆனால் ஆறு நிமிஷத்தைக் கூறு கட்டி விற்கிற இடத்தில் அந்த எண்ணம் யாரைக் காப்பாற்றுகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

சட்டம் இருந்துவிட்டால் மட்டும் போதாது என்பதற்கும் உதாரணம் உண்டு. 2024 ஜூலையில் புனேயில் ஒரு பெரிய நிறுவனத்தில் சேர்ந்து நாலே மாசமான இளம் ஆடிட்டர் பெண் இறந்துபோனார். வேலைப்பளுதான் காரணம் என்று அவருடைய தாய் எழுதிய கடிதம் செப்டம்பரில் நாட்டையே உலுக்கியது. நிறுவனம் அதை ஏற்கவில்லை. ஆய்வுக்குப் போன மகாராஷ்டிரத் தொழிலாளர் துறை அதிகாரிகள், அந்த அலுவலகம் கடைகள் சட்டத்தின் கீழ் பதிவே ஆகாமல் பல வருஷமாக நடந்திருக்கிறது என்றார்கள்!

ஆபீஸ் நேரத்துக்குப் பிறகு வருகிற போனை எடுக்காமல் இருக்கும் உரிமையை பிரான்ஸ் 2017-லும் ஆஸ்திரேலியா 2024-லும் சட்டமாக்கிவிட்டன. இங்கே அது மக்களவையில் தனிநபர் மசோதா என்ற அளவைத் தாண்டவில்லை.

*

'பேசாமல் ஊருக்கு வந்து பிராக்டீஸ் பண்ணட்டுமே' என்று அண்ணி சொன்னார். கேட்க நன்றாக இருக்கிறது. அதனால் காணும் பொங்கலுக்கு மறுநாள் அவளை அழைத்துக்கொண்டு விழுப்புரம் போனேன். என்னோடு பி.காம் படித்து, பிறகு சட்டம் படித்த நண்பர் ஒருவர் அங்கே இருபது வருஷமாக வக்கீல்.

அவருடைய நாளைச் சொல்கிறேன். காலை ஏழு மணிக்கு வீட்டுத் திண்ணையில் கட்சிக்காரர்கள் வந்துவிடுவார்கள். பாகப்பிரிவினை, பாதைத் தகராறு, நான்குவழிச் சாலைக்கு எடுத்த நிலத்துக்கு நஷ்டஈடு... பத்தரைக்கு கோர்ட். பாதி நாள் வாய்தா. சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பது வரைக்கும் ஆபீஸ். ஞாயிற்றுக்கிழமை அவருக்கும் கிடையாது. ஆனால் மே மாசம் சிவில் கோர்ட்டுக்கு விடுமுறை. "டைம் போறதுக்கு எனக்கு யாரும் பில் கேக்கறதில்லம்மா. கேஸுக்கு இவ்ளோன்னு பேசறேன். கட்சிக்காரன் ஒரு மணி நேரம் மருமகள் கதைய சொல்லுவான். கேட்டுக்கறேன். அதுலதான் கேஸே இருக்கும்" என்றார்.

இவள் முகம் மலர்ந்தது. நண்பர் விவரமானவர். உடனே அடுத்த பக்கத்தையும் புரட்டினார்.

"இந்தப் பக்கத்தயும் பாத்துக்க. ஜூனியரா நான் நாலு வருஷம் இருந்தேன். சீனியர் குடுத்தது பஸ் காசு. பொங்கலுக்கு ஒரு வேட்டி சட்டை. வீட்ல அப்பா சோறு போட்டாரு, தொழில் கத்துக்கினேன். அப்பா இல்லாதவன் பாதியிலயே போய்ட்டான். அவன் இப்ப ஒரு பைனான்ஸ் கம்பெனில வசூல் பாக்கறான்."

2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் இந்த விஷயத்தைத் தொட்டது. நீதிபதிகள் எஸ்.எம்.சுப்ரமணியம், சி.குமரப்பன் இருவரும், ஜூனியர்களைச் சம்பளமில்லாமல் வேலை வாங்குவது சுரண்டல் என்று கண்டித்தார்கள். சென்னை, மதுரை, கோவையில் மாசம் குறைந்தது 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் உதவித்தொகை தரும்படி சுற்றறிக்கை விடச் சொல்லி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டார்கள். அந்த வருஷம் அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் ஏறக்குறைய இதே தொகைகளைப் பரிந்துரைத்தது. நண்பரிடம் கேட்டேன். சிரித்தார்.

"நல்ல உத்தரவுதான். ஆனா எனக்கே சில மாசம் பதினஞ்சாயிரம் மிஞ்சறது இல்லப்பா. இருந்தாலும் என் பசங்க ரெண்டு பேருக்கும் ஆளுக்கு ஆறு குடுக்கறேன். 2017-ல இங்கயே அரசு சட்டக் கல்லூரி வந்துடுச்சு. வருஷா வருஷம் புள்ளைங்க வெளிய வருது. அதுங்க எங்க போகும்?"

திரும்பி வரும்போது பஸ்ஸில் இவள் ஒன்றும் பேசவில்லை. விக்கிரவாண்டி தாண்டியதும் சொன்னாள். "அங்க முழு நேரத்தையும் வாங்கிக்கறாங்க, காசு குடுத்து. இங்க முழு நேரத்தையும் வாங்கிக்கறாங்க, காசு குடுக்காம. அவ்வளவுதான் சித்தப்பா வித்தியாசம்."

இருபத்தாறு வயசுப் பெண் போட்ட ஐந்தொகை. எனக்கு அதில் திருத்த ஒன்றுமில்லை.

*

அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, அண்ணன் எதிரில் ஒரு காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். உபதேசம் அண்ணனிடம் எடுபடாது. கணக்கு எடுபடும்.

"ரிட்டயர் ஆனப்ப உங்க சம்பளம் என்ன?"

"நாப்பத்தெட்டாயிரம்."

மாசத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை பார்த்தீர்கள் என்று கேட்டு, 190 என்று போட்டோம். மணிக்கு 252 ரூபாய். பெண்ணுடையது 1,25,000. மாசம் எத்தனை மணி நேரம் என்று அவளையே கேட்டேன். டைம்ஷீட்டைப் பார்த்து, பில்லில் வராததையும் சேர்த்து, 300 என்றாள். மணிக்கு 416. "மும்பை வாடகை?" முப்பத்தைந்தாயிரம். கழித்தோம். 90,000-ஐ 300-ஆல் வகுத்தால் 300 ரூபாய்.

திண்டிவனத்தில் சொந்த வீட்டிலிருந்து சைக்கிளில் போய் வந்தவருக்கு மணிக்கு 252. மும்பையில் தூங்காமல் இருக்கிறவளுக்கு மணிக்கு 300. அண்ணன் அந்தத் தாளை வெகு நேரம் பார்த்தார். வங்கிக்காரர் இல்லையா, கூட்டலை இன்னொரு தடவை சரி பார்த்தார்.

பி.காம் முதல் வருஷத்தில் எங்களுக்குத் தேய்மானம் என்று ஒரு பாடம் நடத்துவார்கள். எந்தச் சொத்தும் உழைக்க உழைக்கத் தேயும், அதைக் கணக்கில் காட்டாவிட்டால் லாபமே பொய் என்பார்கள். 2013 கம்பெனிச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணையில், கம்ப்யூட்டருக்கு ஆயுள் 3 வருஷம், மேஜை நாற்காலிக்கு 10 வருஷம் என்று போட்டிருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு ஒன்றும் போடவில்லை. அந்தக் கணக்கை வீடுதான் எழுத வேண்டியிருக்கிறது.

அண்ணன் கடைசியாக ஒரு கேள்விதான் கேட்டார். "கடன் பாக்கி எவ்ளோம்மா?"

நாலு லட்சத்து அறுபதாயிரம். மாசம் ஐம்பதாயிரம் கட்டினால் வட்டியோடு பத்து மாசம். "சரி, அது முடியட்டும். முடிஞ்ச அன்னிக்கே முடிவு பண்ணிக்க. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்றார். அந்த வீட்டில் இதற்கு மேல் ஒரு வாக்கியத்தை எதிர்பார்க்க முடியாது.

2025 நவம்பரில் கடன் முடிந்தது. இப்போது சென்னையில் ஒரு கம்பெனியின் சட்டப் பிரிவில் இருக்கிறாள். சம்பளம் கால் பங்குக்கு மேல் குறைச்சல். டைம்ஷீட் இல்லை. அதற்காக அங்கே சொர்க்கம் என்று எழுத மாட்டேன். காலாண்டு முடிவில் ராத்திரி பத்து மணி ஆகிறது. "மும்பையில அந்த வருஷங்கள்ல கத்துக்கிட்டது வேற எங்கயும் பத்து வருஷம் ஆனாலும் வராது சித்தப்பா" என்றும் சொல்கிறாள். அந்த வேலையை ரசித்துப் பார்த்து, பார்ட்னராகி, சந்தோஷமாக இருக்கிற சிநேகிதிகளும் அவளுக்கு உண்டு. அவர்கள் தேர்ந்தெடுத்து இருக்கிறார்கள். வேறு வழியில்லாமல் இருப்பது வேறு.

நான் யாரையும் வேலையை விடச் சொல்லவில்லை. உங்கள் வீட்டிலும் மும்பையிலோ பெங்களூரிலோ ஹைதராபாத்திலோ ஒரு பிள்ளை இருக்கலாம். வக்கீலாக இல்லாவிட்டால் ஆடிட்டர், சாஃப்ட்வேர், வங்கி என்று ஏதோ ஒன்று. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது என்ன கேட்கிறீர்கள்? 'சாப்பிட்டியா, இன்க்ரிமென்ட் வந்துச்சா, பக்கத்து வீட்டுப் பையன் கார் வாங்கிட்டான்' இதுதானே?

இந்த வாரம் அதோடு இன்னொரு கேள்வியும் கேட்டுப் பாருங்கள். "நேத்து எத்தனை மணிக்குத் தூங்கினே?"

பதில் உடனே வராது. நீங்களும் உடனே வேறு பேச்சுக்குத் தாவிவிடாதீர்கள். கல்விக்கடன் பாக்கி எவ்வளவு, எத்தனை மாசத்தில் முடியும் என்பதை நீங்களே ஒரு தாளில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். 'எப்ப வேணும்னாலும் வந்துடு' என்று சும்மா சொல்வதைவிட, எந்த மாசம் வரலாம் என்று தேதியோடு சொல்ல முடிந்தால் அந்தப் பிள்ளைக்கு அது பெரிய பலம்.